முதலீட்டோடு சேர்ந்து வரும் பிஆர்: ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் சேவை எதற்கு உதவும், எதற்கு உதவாது

டேர்ம் ஷீட்டை (முதலீட்டு நிபந்தனைகளின் முன்வரைவு) நீட்டும், ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் வென்ச்சர் கேப்பிடல் நிறுவனம் பணம் மட்டும் தருவதாகச் சொல்வதில்லை. நல்ல ஆட்களைப் பிடித்துத் தருகிறோம், பெரிய கம்பெனிகளிடம் அறிமுகம் செய்கிறோம், பத்திரிகைகளில் பெயர் வரச் செய்கிறோம் என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். பட்டியலின் கடைசியில் இருக்கிற அந்த பிஆர் (மக்கள் தொடர்பு) சேவையைத்தான் இங்கே எடை போடுகிறோம். அதற்கு ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க வென்ச்சர் கேப்பிடல் நிறுவனத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே இது ஒரு தனித் துறை. அதைக் கட்டியவர் சொந்தமாக ஒரு பிஆர் ஏஜென்சியைத் தொடங்கி, வளர்த்து, விற்றுவிட்டு வந்தவர்.

அவர் மார்கிட் வென்மாக்கர்ஸ். ஜெர்மனியில் பிறந்தவர். 1997-இல் கேரின் மரூனியுடன் சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் அவுட்காஸ்ட் என்ற ஏஜென்சியைத் தொடங்கினார். சேல்ஸ்ஃபோர்ஸ், ஃபேஸ்புக் போன்றவை அதன் வாடிக்கையாளர்கள். 2005-இல் பிரிட்டனின் நெக்ஸ்ட் ஃபிஃப்டீன் குழுமம் அவுட்காஸ்ட்டை வாங்கியது. 2009-இல் 30 கோடி டாலர் ஃபண்டோடு ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் தொடங்கப்பட்டபோது வெளியிலிருந்து அவர்களுக்கு பிஆர் செய்தவர், 2010-இல் பார்ட்னராக உள்ளேயே சேர்ந்துவிட்டார்.

அதுவரை வென்ச்சர் கேப்பிடல்காரர்கள் பெரும்பாலும் சத்தம் போடாமல் இருந்தார்கள். அடக்கம் மட்டும் அதற்குக் காரணமில்லை. தனியார் ஃபண்டுக்கு அமெரிக்காவில் பணம் திரட்டுகிறவர்கள் பொதுவில் விளம்பரம் செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை. கம்பெனிகள் பணம் திரட்டுவதை எளிதாக்கிய 2012-இன் ஜாப்ஸ் சட்டத்தைத் தொடர்ந்து, 2013 செப்டம்பரில் 506(சி) விதி நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தக் கதவு ஓரளவு திறந்தது. அப்போதும் முதலீட்டாளர் ஒவ்வொருவருடைய தகுதியையும் ஆவணம் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால், பலர் பொது விளம்பரம் கூடாத பழைய 506(பி) வழியிலேயே தொடர்ந்தார்கள். இப்படிப்பட்ட சூழலில் ஒரு புதிய நிறுவனம் முதல் நாளிலிருந்தே வெளிப்படையாகப் பேச முடிவு செய்தது துணிச்சலான காரியம். ஃபண்டுக்குப் பணம் திரட்டி முடித்துவிட்டு அறிவிப்பது, அதன்பிறகு ஃபண்டைப் பற்றிப் பேசாமல் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவது என்ற வரிசையில் போனால் சட்டச் சிக்கலும் குறைவு. ஹாலிவுட்டின் சிஏஏ ஏஜென்சியைத்தான் அவர்கள் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள்: ஒரு நடிகருக்குப் பின்னால் ஏஜென்சி முழுவதும் நிற்பதுபோல், ஒரு நிறுவனருக்குப் பின்னால் ஃபண்ட் முழுவதும் நிற்க வேண்டும் என்ற எண்ணம்.

இனி சேவைக்கு வருவோம்.

இதில் உண்மையிலேயே மதிப்புள்ள பகுதி பத்திரிகையில் பெயர் வருவது அல்ல. பெயர் வரவைக்க மாதம் 15,000 முதல் 25,000 டாலர் வரை ரீடெய்னர் (நிலையான மாதக் கட்டணம்) வாங்கும் ஏஜென்சிகள் அங்கே நிறைய இருக்கின்றன. மதிப்பு இருப்பது, ஏஜென்சியில் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத ஒன்றில்: "இதை இப்போது அறிவிக்காதே" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆளிடம். ஏஜென்சி நடத்துகிறவர் வாடிக்கையாளரின் ரீடெய்னரில் பிழைக்கிறார். ஒப்பந்தத்தில் 30 நாள் அல்லது 60 நாள் நோட்டீஸ் இருக்கும், எந்த மாதமும் வேலை போகலாம். அதனால் நிறுவனர் கேட்பதைச் செய்துகொடுக்கும் பக்கமே அவர் சாய்வார். செய்தியே இல்லாத விஷயத்துக்கும் செய்தி அறிக்கை எழுதித் தருவார். ஃபண்டுக்குள் இருக்கும் பிஆர் பார்ட்னரை நிறுவனர் வேலையை விட்டு நீக்க முடியாது, அவருக்குச் சம்பளமும் நிறுவனர் தருவதில்லை. கசப்பான உண்மையைச் சொல்ல அவருக்கு இடம் இருக்கிறது. ஏஜென்சியை நடத்திப் பார்த்தவர் என்பதால், எந்த நிருபர் எதைக் கேட்பார், எந்தக் கேள்வியில் நிறுவனர் தடுமாறுவார் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஏஜென்சிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒப்பந்தம் பிடிக்க வரும் மூத்தவர்கள் கையெழுத்தானதும் மறைந்துவிடுவார்கள். வேலை செய்வது இரண்டு வருட அனுபவம் உள்ள இளையவர். ஃபண்டில் மூத்தவரிடமே நேராகப் பேசலாம். ஆனால் அவரை நூற்றுக்கணக்கான கம்பெனிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. மாதம் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. வாராவாரம் நிருபர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது, படங்கள் தயார் செய்வது, விருதுகளுக்கு விண்ணப்பிப்பது எல்லாம் இந்தச் சேவையில் அடங்காது. அதற்கு உங்கள் கம்பெனியிலேயே ஒருவர் வேண்டும், இல்லையென்றால் வெளியே ஏஜென்சி வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் "எங்கள் முதலீட்டாளர் பார்த்துக்கொள்வார்" என்று ஆள் எடுக்காமல் விடும் ஸ்டார்ட்அப்கள் முதல் அறிவிப்பு முடிந்த கையோடு செய்திகளிலிருந்து காணாமல் போகின்றன.

முதலீடு கிடைத்ததைச் சொல்லும் முதல் அறிவிப்பில்தான் இந்தச் சேவை பளிச்சென்று வேலை செய்யும். தவறுகள் அதிகம் நடப்பதும் அங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பங்கு விற்ற முதல் நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசி-யிடம், பணம் திரட்டிய விவரம் சொல்லும் ஃபார்ம் டி தாக்கல் செய்ய வேண்டும். அது எஸ்இசி-யின் எட்கர் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வந்துவிடும். நிருபர்கள் அதைத் தினமும் மேய்கிறார்கள். அதாவது, பணம் வந்த நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. செய்தியின் மையம் என்ன, யார் பேசுவார், எந்த வாடிக்கையாளர் மேற்கோள் தருவார் என்பதெல்லாம் பணம் வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். சில வழக்கறிஞர்கள், பொது வெளியீடு அல்லாத விற்பனைக்குச் சட்டம் தரும் 4(ஏ)(2) விலக்கை மட்டும் நம்பி ஃபார்ம் டி தாக்கலைத் தவிர்க்கச் சொல்வார்கள். ரகசியம் காக்க அது உதவும். ஆனால் மாநிலப் பங்குச் சட்டங்களிலிருந்து 506 விதி தரும் பாதுகாப்பு அதில் கிடைக்காது, ஒவ்வொரு மாநில விலக்கையும் தனித்தனியே பார்க்க வேண்டிவரும். நல்ல பிஆர் பார்ட்னர் இந்தக் கேள்வியைத் தானே எழுப்பி, உங்கள் வழக்கறிஞரிடம் அனுப்பிவைப்பார்.

இன்னொரு பொறி: முதலீட்டுச் சுற்றில் பணம் முழுவதும் திரட்டி முடிக்காமல் அறிவிப்பது. 506(பி) வழியில் பணம் திரட்டும்போது இன்னும் கொஞ்சம் இடம் பாக்கியிருக்கிறது என்ற நிலையில் பேட்டி கொடுத்தால், அது பொது அழைப்பாகக் கருதப்பட்டு விலக்கே ஆட்டம் காணலாம். கடைசி முதலீட்டாளரின் பணமும் வந்த பிறகுதான் அறிவிப்பு.

அடுத்தது எம்பார்கோ, அதாவது குறித்த நேரம் வரை செய்தியை வெளியிடக் கூடாது என்ற ஏற்பாடு. தலைப்பில் "எம்பார்கோ" என்று போட்டு முழு விவரத்தையும் நிருபருக்கு அனுப்பிவிட்டு, அவர் காப்பாற்றுவார் என்று நம்புவது மிகப் பொதுவான தவறு. அவர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாதவரை அது யாரையும் கட்டுப்படுத்தாது. முதலில் விவரம் இல்லாத இரண்டு வரி, அவருடைய சம்மதம், அதன்பிறகே அறிக்கை. ஒருவருக்கு எக்ஸ்க்ளூசிவ் (அவருக்கு மட்டும் முதலில் செய்தி) என்றால் ஒருவருக்குத்தான். இரண்டு பேரிடம் அப்படிச் சொல்லிவிட்டால் இருவரும் அடுத்த முறை உங்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

சென்னையிலோ பெங்களூரிலோ பாதிக் குழுவை வைத்திருப்பவர்கள் நேரக் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். பசிபிக் நேரம் காலை 6 மணி என்பது அமெரிக்கக் கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்குப் பிறகு அது இரவு 7.30 ஆகிவிடும். இந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டு இந்தியக் குழு லிங்க்ட்இன்னில் பதிவு போட்டால், அமெரிக்க நிருபரின் எக்ஸ்க்ளூசிவ் அத்தோடு கெட்டது. நேரத்தை எப்போதும் இரண்டு நகரங்களின் பெயரோடு எழுதுங்கள்.

தொகையை எப்படிச் சொல்வது என்பதிலும் நல்ல ஆலோசனை தேவை. பழைய சேஃப் நோட்டுகள் (பின்னால் பங்காக மாறும் முதலீடு), கடன், இந்தச் சுற்றின் பங்கு எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது அன்றைக்குப் பெரிதாகத் தெரியும், ஃபார்ம் டி-யில் வேறு எண் இருந்தால் மறுநாளே பொய்யாகத் தெரியும். கம்பெனியின் மதிப்பை வெளியிடுவது அதைவிட ஆபத்து. கிளப்ஹவுஸ் என்ற ஆடியோ செயலியை நினைத்துப் பாருங்கள்: 2020 மே மாதம் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் சுமார் 10 கோடி டாலர் மதிப்பில் நுழைந்தது, 2021 ஜனவரியில் மதிப்பு 100 கோடி, ஏப்ரலில் 400 கோடி. 2023 ஏப்ரலில் பாதிக்கு மேற்பட்ட ஊழியர்களை வெளியே அனுப்பினார்கள். பல செய்திகளில் அந்த 400 கோடி திரும்பத் திரும்ப வந்தது. பெரிய குரல் உள்ள முதலீட்டாளர் ஏற்றிவிடும் உயரத்திலிருந்து இறங்கும்போது, அந்தக் குரல் உங்களைத் தாங்கிப் பிடிக்காது.

இங்கேதான் சேவையின் அடிப்படைக் குறை தெரிகிறது. பிஆர் பார்ட்னரின் வாடிக்கையாளர் நீங்கள் அல்ல, ஃபண்ட். பெரும்பாலான நாட்களில் இருவருடைய நலனும் ஒரே பக்கம் இருக்கும். பிரியும் நாள் வந்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதில் சந்தேகம் வேண்டாம். இந்த ஃபண்டின் பெரிய முதலீடுகளில் ஒன்றான ஜெனிஃபிட்ஸ் என்ற மனிதவள மென்பொருள் கம்பெனியில், காப்பீட்டு உரிம விதிமீறல்களைத் தொடர்ந்து 2016 பிப்ரவரியில் நிறுவனரான தலைமை அதிகாரி பதவி விலகினார். அத்தகைய வாரங்களில் போர்டும் நிறுவனரும் தனித்தனி ஆட்கள். எனவே போர்டோடு தகராறு, இணை நிறுவனர் வெளியேற்றம், ஊழியர் புகார், விசாரணை இவை எதற்கும் முதலீட்டாளரின் பிஆர் ஆளிடம் முதலில் போகக் கூடாது. வழக்கறிஞரோடு பேசுவதற்குச் சட்டம் தரும் ரகசியப் பாதுகாப்பு அவரோடு பேசுவதற்கு இருக்கும் என்று நம்ப முடியாது. நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் நாளை நீதிமன்றத்தில் படிக்கப்படலாம். அந்த நாளுக்கு, உங்கள் வழக்கறிஞர் மூலமாகவே அமர்த்தப்பட்ட தனி நெருக்கடி ஏஜென்சி வேண்டும். சர்வர் விழுந்தது, தரவு கசிந்தது போன்ற விஷயங்களில் மட்டும் முதலீட்டாளரின் பிஆர் குழு அருமையான உதவி. அவர்கள் அதைப் பல கம்பெனிகளில் பார்த்திருப்பார்கள், முதல் அறிக்கையில் எதைச் சொல்லக் கூடாது என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஃபண்டின் சொந்த ஊடகத்தை எப்படி மதிப்பிடுவது? 2011 ஆகஸ்ட் 20-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில், மென்பொருள் உலகத்தை விழுங்குகிறது என்று ஃபண்டின் நிறுவனர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் எழுதிய கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. தங்கள் முதலீடுகளையும் அதில் குறிப்பிட்டு, அவை தங்கள் முதலீடுகள் என்று சொல்லவும் செய்தார்கள். கட்டுரை நின்றது அதன் வாதத்தால். 2014-இல் வயர்டு இதழிலிருந்து ஆசிரியரைக் கொண்டுவந்து பாட்காஸ்ட்டை வளர்த்ததும் அதே வழி. ஆனால் 2021 ஜூனில் ஃபியூச்சர் என்ற தனித் தளத்தை ஆரவாரத்தோடு தொடங்கி, 2022 இறுதிக்குள் மூடிவிட்டார்கள். முதலீட்டாளரின் தளத்தில் வரும் பாராட்டை வாசகர்கள் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை, தொழில்நுட்பத்தைக் கற்றுத் தரும் பதிவை மட்டும்தான் நம்புகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு. 2025-இல் டர்பன்டைன் பாட்காஸ்ட் நிறுவனத்தை வாங்கி மறுபடியும் இதே திசையில் பெரிய அளவில் இறங்கியிருக்கிறார்கள். அங்கே பேச அழைத்தால் போங்கள், ஆள் எடுக்க அது நன்றாக உதவும். வாடிக்கையாளரை நம்பவைக்க அது போதாது. அதற்கு வெளியில் உள்ள, உங்களிடம் பணம் போடாத ஒருவர் எழுத வேண்டும்.

விலை விஷயம். "இலவசம்" என்றுதான் சொல்வார்கள். ஒரு கணக்கு: 1 கோடி டாலர் திரட்டுகிறீர்கள். ஒரு ஃபண்ட், பணத்துக்கு முந்தைய மதிப்பு 4 கோடி என்கிறது, பணம் சேர்ந்தால் 5 கோடி, எனவே நீங்கள் தருவது 20 சதவீதம். சேவைகள் அதிகம் தரும் இன்னொரு ஃபண்ட் 3.8 கோடி என்கிறது, நீங்கள் தருவது 20.83 சதவீதம். கம்பெனி பின்னால் 50 கோடிக்கு விற்றால், நடுவில் பங்கு நீர்த்துப்போவதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அந்த 0.83 சதவீதம் ஏறக்குறைய 41.7 லட்சம் டாலர். மாதம் 20,000 டாலருக்கு ஏஜென்சி வைத்தால் மூன்று வருடத்துக்கு 7.2 லட்சம். பிஆர் ஒன்றுக்காக மட்டும் குறைந்த மதிப்பை ஏற்பது நஷ்டம். ஆள் எடுப்பு, வாடிக்கையாளர் அறிமுகம் எல்லாம் சேர்ந்து வந்தால் கணக்கு மாறலாம்.

ஏஜென்சி நடத்துகிறவர்கள் இதே பாதையில் போக நினைத்தால் பார்க்க வேண்டியது வேறு. "பார்ட்னர்" என்ற பட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வென்மாக்கர்ஸ் போனது செயல்பாட்டுப் பார்ட்னராக. காசோலை எழுதும் ஜெனரல் பார்ட்னர் ஆக, நிறுவனராகவோ தலைமை அதிகாரியாகவோ இருந்திருக்க வேண்டும் என்ற விதியை அந்த ஃபண்ட் 2018 வரை பிடித்திருந்தது. அவருடைய கூட்டாளி மரூனி வேறு வழியில் போனார்: 2011-இல் ஃபேஸ்புக்குக்குள் போய் அதன் தகவல் தொடர்புக்குத் தலைமை தாங்கி, 2019-இல் வெளியேறி, கோட்டூ என்ற முதலீட்டு நிறுவனத்தில் முதலீடு செய்யும் பார்ட்னர் ஆனார். முதல் வழியில் நீங்கள் செய்யும் வேலை பழைய வேலைதான், வாடிக்கையாளர் மட்டும் மாறுகிறார். இரண்டாவது வழியில் எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று தேர்ந்தெடுக்கும் திறனுக்குப் பரீட்சை. அதன் விடை தெரிய ஏழெட்டு வருடம் ஆகும்.

பணமும் வேறு மாதிரி வரும். 30 கோடி ஃபண்டில் வழக்கமான 2 சதவீத நிர்வாகக் கட்டணம் என்றால் வருடம் 60 லட்சம். எல்லோருடைய சம்பளமும் அதிலிருந்துதான். ஃபண்ட் மூன்று மடங்காகி 90 கோடி ஆனால் லாபம் 60 கோடி, அதில் 20 சதவீத கேரி (லாபத்தில் ஃபண்டை நடத்துகிறவர்களின் பங்கு) 12 கோடி. உங்களுக்கு கேரியில் 1 சதவீதம் ஒதுக்கினால் 12 லட்சம். அதுவும் பத்து வருட ஃபண்டின் பின்பாதியில், வெஸ்டிங் (வருடக்கணக்கில் வேலை செய்து அந்தப் பங்குக்கு உரிமை பெறுவது) முடிந்திருந்தால் மட்டும். ஏஜென்சியை விற்றுக் கிடைக்கும் தொகையோடும், விற்ற பின் இலக்குகளை எட்டினால்தான் பாக்கித் தொகை என்று மூன்று நான்கு வருடம் கட்டிப்போடும் எர்ன்அவுட்டோடும் இதை வைத்துப் பார்க்க வேண்டும். எர்ன்அவுட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபண்டுக்குத் தாவினால் பாக்கித் தொகை போய்விடும். சேரும் முன் கேட்க வேண்டியது எத்தனை சதவீதம் கேரி என்பது மட்டுமில்லை. எந்த ஃபண்டில், எத்தனை வருட வெஸ்டிங், வெளியேறினால் என்ன ஆகும், அடுத்த ஃபண்டிலும் பங்கு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

இந்தியக் கம்பெனிகளுக்கு ஒரு குறிப்பு. இந்த ஃபண்டின் முதல் இந்திய முதலீடு 2021 அக்டோபரில் பெங்களூரின் காயின்ஸ்விட்ச் குபேரில் நடந்தது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவு செய்திருந்தால் மேலே சொன்ன ஃபார்ம் டி கணக்கு. இந்தியாவில் பதிவு என்றால் கம்பெனிச் சட்டம் 2013-இன் 42-ஆவது பிரிவு: தனியார் ஒதுக்கீட்டுக்குப் பொது விளம்பரம் கூடாது, பங்கு ஒதுக்கிய 15 நாட்களுக்குள் பிஏஎஸ்-3 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை அந்தப் பணத்தைத் தொடவும் கூடாது. அந்தத் தாக்கலையும் இங்குள்ள நிருபர்கள் படிக்கிறார்கள். அமெரிக்க முதலீட்டாளரின் பிஆர் குழுவுக்கு இது தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாமல், உங்கள் கம்பெனி செக்ரட்டரியையும் முதல் அழைப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மதிப்பீடு: முதல் அறிவிப்புக்கும் நிறுவனரைப் பேட்டிக்குத் தயார் செய்வதற்கும் மிக நல்ல சேவை. அன்றாட பிஆருக்குப் போதாது. உள்தகராறுக்குப் பயன்படுத்தவே கூடாது. கையெழுத்துக்கு முன், சமீபத்தில் அவர்களிடம் பணம் வாங்கிய மூன்று கம்பெனிகளைக் கேளுங்கள். அதில் ஒன்று நன்றாகப் போகாத கம்பெனியாக இருக்கட்டும். அறிவிப்பு முடிந்த ஆறாம் மாதத்தில் பிஆர் குழுவிடமிருந்து அழைப்பு வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. டேர்ம் ஷீட்டின் பெரும்பகுதி சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றாலும் ரகசியம் காக்கும் பிரிவு கட்டுப்படுத்தும். அது வழக்கமாக உங்கள் வாயை மட்டும் கட்டும். தொகை, மதிப்பு, வாடிக்கையாளர் பெயர், உங்கள் லோகோ இவற்றை உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஃபண்டும் வெளியிடக் கூடாது என்று ஒரு வரியைப் பக்கக் கடிதத்தில் (ஒப்பந்தத்தோடு சேரும் தனிக் கடிதம்) சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.